யூனிகோடா, டேஸ்16-ஆ, பழைய எழுத்துருவா? தமிழ்க் கணினிச் சண்டைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன சண்டை? யாருக்கும் யாருக்கும்?

கணினியில் தமிழ் எழுத்தை எந்த எண்களாகச் சேமிப்பது என்பதுதான் சண்டையின் மூலம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் தரமான யூனிகோடு போதும் என்று ஒரு தரப்பு. யூனிகோடு தமிழைக் கெடுத்து வைத்திருக்கிறது, தமிழுக்கென்றே தனியாக வகுத்த டேஸ்16 என்ற எண் முறைக்கு மாறவேண்டும் என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் கண்டுகொள்ளாமல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துக்கொண்டிருக்கும் அச்சகங்களும் அலுவலகங்களும் மூன்றாவது தரப்பு. இதோடு விசைப்பலகைச் சண்டை, கிரந்தச் சண்டை, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதலாமா என்ற சண்டை எல்லாம் சேர்ந்துகொள்ளும். பத்துப் பதிலுக்குள் யாராவது யாரையாவது தமிழ்த் துரோகி என்று சொல்லிவிடுவார்கள்.

நான் யூனிகோடு பக்கம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கும் இடங்களையும் சொல்கிறேன், நிறைய இருக்கிறது.

எழுத்துருவும் குறியாக்கமும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். குறியாக்கம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற ஒப்பந்தம். எழுத்துரு என்பது அந்த எண்ணுக்குத் திரையில் என்ன வடிவம் வரையவேண்டும் என்பது. 1978-க்கு முன்பு ணை, லை, னை போன்ற எழுத்துகளுக்குக் கொம்பு போட்ட பழைய வடிவங்கள் இருந்தன. எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு வடிவம் மாறியது. யூனிகோடில் எழுதிய ஒரு வரியை, எண் எதையும் மாற்றாமல், எழுத்துருவை மட்டும் மாற்றிப் பழைய வடிவத்தில் காட்டமுடியும். "யூனிகோடு எழுத்து அழகாக இல்லை" என்று யாராவது சொன்னால், அது அந்த எழுத்துருவை வரைந்தவரிடம் சொல்லவேண்டிய புகார்.

பழைய பாமினிக் கோப்பைத் திறந்தால் ஏன் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது?

ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆங்கிலம்தான். பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே என்ற இடத்தில் "த" படத்தை வரைந்து வைத்திருப்பதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழ் என்று தெரிய வழியே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. "கொ" என்று எழுத அங்கே முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று அடிக்கவேண்டும். தட்டச்சுப்பொறி காலத்துப் பழக்கம் அது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோப்பிலும் பதியும். தேடல், அகரவரிசை, எழுத்துப்பிழை திருத்தி, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் என்று எதுவுமே அந்தக் கோப்பின்மேல் வேலை செய்யாது.

அந்தக் காலத்திலேயே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தரத்தை முடிவு செய்திருக்கலாமே?

உட்கார்ந்தார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு இரண்டிலும் இதுதான் பேச்சு. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். சென்னை மாநாட்டின் வழியாக டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

அவர்களுக்கு இருந்த இடம் மிகக் குறைவு. அன்றைய எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள், அதில் பாதி ஆங்கிலத்துக்கு. நம் எழுத்துகளோ 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எதை உடைப்பது, எதை முழுதாக வைப்பது என்பதில் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவும் ஒரு மென்பொருள் ஆனது, ஒவ்வொரு மென்பொருளும் ஒரு வியாபாரம் ஆனது. அந்தக் காலத்தில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உழைத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்களும் இவர்களோடு சேர்ந்தவர்கள்தான்.

யூனிகோடு தமிழ் இலக்கணத்துக்கு எதிரானது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. நம் இலக்கணப்படி மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. க் என்பது மூலம், அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் தலைகீழ். அங்கே க என்பதுதான் மூலம். க் வேண்டுமென்றால் க-வோடு புள்ளி என்ற தனிக் குறியைச் சேர்க்கவேண்டும். அகரத்தைக் கழிக்கும் குறியாகப் புள்ளி நிற்கிறது.

இது எங்கிருந்து வந்தது? இந்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி தரத்திலிருந்து. தேவநாகரியை மனத்தில் வைத்துச் செய்த அமைப்பு அது. 1991-இல் வந்த யூனிகோடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களைப் பார்த்தால் அந்தத் தடம் இன்றும் தெரியும். க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. இந்தியில் அங்கே மூன்று எழுத்துகள் இருக்கின்றன, நமக்கு இல்லை. ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ள-வுக்குப் பக்கத்தில் ழ என்று நம் நெடுங்கணக்கில் இல்லாத வரிசை.

இதன் விளைவு என்ன? எண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் "மனம்" முதலில் வந்து "மரம்" பின்னால் போகும். அகராதியில் மரம்தான் முதலில். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். பைதான் என்ற நிரல்மொழியைக் கேட்டால் ஐந்து என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. டேஸ்16 நண்பர்கள் கோபப்படுவது இதற்காகத்தான். அந்தக் கோபத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் இவை குறியாக்கத்தைத் தொடாமல் மேலடுக்கில், அதாவது மென்பொருளில், தீர்க்கக்கூடிய சிக்கல்கள், பெரும்பாலும் தீர்ந்தும்விட்டன. தமிழ் அகரவரிசைக்கான விதி அட்டவணை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள் மரத்தை முன்னும் மனத்தைப் பின்னும் சரியாக அடுக்கும். ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியில் "தமிழ்" என்பதன் நீளம் மூன்று என்றே வருகிறது. பைதானிலும் ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த மூல நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். நிரல் எழுதுபவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் தவறாக வரும் என்பது நிஜம். அதற்காகத்தான் இதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் டேஸ்16-க்கே மாறிவிடலாமே? அரசாணைகூட இருக்கிறதே?

இருக்கிறது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரங்களாக அறிவித்தது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்பது ஏற்பாடு. டேஸ்16-இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே எண். "தமிழ்" மூன்றே எண்களில் முடிந்துவிடும். மெய்யையும் உயிரையும் கணக்குப் போட்டே பிரித்துவிடலாம். வடிவமைப்பு என்று பார்த்தால் அழகான வேலை. இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

சிக்கல் அது குடியிருக்கும் இடத்தில்தான். யூனிகோடுக்குள் "தனிப் பயன்பாட்டுப் பகுதி" என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், உலகத்தில் வேறு யாரும் அதை மதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. டேஸ்16 அங்கேதான் இருக்கிறது. அதில் எழுதிய கடிதத்தை ஒரு சாதாரணக் கைப்பேசிக்கு அனுப்பினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. பாமினிக் கோப்புக்கு நேர்ந்த அதே கதி.

"கொரியர்கள் வாங்கினார்களே, நமக்கு ஏன் கிடைக்காது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கொரிய மொழிக்கு 11,172 முழு எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கிடைத்தது, 1996-இல் வந்த யூனிகோடு 2.0-வில். அதற்காக முன்பு வைத்திருந்த கொரிய எழுத்துகளை இடம் மாற்றினார்கள். அப்போது ஏற்பட்ட குழப்பத்தைப் பார்த்துத்தான், ஒருமுறை வைத்த எழுத்தை இனி எடுக்கவும் மாட்டோம், நகர்த்தவும் மாட்டோம் என்ற விதி உறுதியானது. அந்த ஜன்னல் திறந்திருந்தபோது நம் சார்பில் யாரும் உரத்துக் கேட்கவில்லை. அது ஓர் இழப்புதான். ஆனால் அதற்குப் பிறகு தமிழ் விக்கிப்பீடியா வந்தது, செய்தித்தாள்கள் வந்தன, கோடிக்கணக்கான வாட்ஸாப் செய்திகள் வந்தன, எல்லாம் இதே குறியாக்கத்தில். இன்று மாறினால் ஒரே எழுத்துக்கு இரண்டு எண் இருக்கும். என் கோப்பில் நீங்கள் தேடினால் கிடைக்காது, உங்கள் கோப்பில் நான் தேடினால் கிடைக்காது. 1999-இல் இருந்த நிலைமைக்குத் திரும்புவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

யூனிகோடு தமிழ் இடத்தை விழுங்குகிறதாமே?

"தமிழ்" என்பது இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். டேஸ்16 எண்களை அதே முறையில் வைத்தால் 9. வித்தியாசம் உண்டு. ஆனால் முந்நூறு பக்க நாவல் முழுவதும் யூனிகோடில் ஒன்றிரண்டு எம்.பி.க்குள் அடங்கிவிடும், நாம் காலையில் அனுப்பும் பூப்படங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய இடமே இல்லை. குறுஞ்செய்திதான் நிஜமாக வலித்த இடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் செய்தியில் தமிழுக்கு 70 குறிதான், அதில் புள்ளியும் கொம்பும்கூட ஒவ்வொன்றாக எண்ணப்படும்.

2010-இல் கிரந்தத்தைப் பற்றி ஏன் அவ்வளவு கொந்தளிப்பு?

அப்போது யூனிகோடு அமைப்பிடம் வந்த இரண்டு முன்மொழிவுகள் ஒரே நேரத்தில் பேசப்பட்டன. ஒன்று, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகள் பலவற்றைத் தமிழ் எழுத்தோடு சேர்த்து நீட்டிப்பது. மற்றொன்று, கிரந்தத்துக்குத் தனி இடம் கொடுத்து, அதற்குள் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் வைப்பது. இரண்டையும் கேட்டவர்களுக்குத் தமிழ் எழுத்துக்குள் கை வைக்கிறார்கள் என்ற அச்சம் வந்தது. தமிழக அரசு தலையிட்டு, அறிஞர்களோடு பேசும்வரை நிறுத்திவைக்கச் சொன்னது. 2014-இல் யூனிகோடு 7.0-வில் கிரந்தம் தனி எழுத்தாக இடம்பெற்றது, அந்த ஐந்து தமிழ் எழுத்துகள் இல்லாமல்.

என் பார்வையில் அந்த முடிவு சரி. கிரந்தச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் படிப்பவர்களுக்கு அந்த எழுத்து வேண்டும். தமிழ் எழுத்துக்குள் அதைக் கலக்காமல் வைத்ததால் யாருக்கும் இழப்பு இல்லை. அன்று குரல் கொடுத்தவர்களை வெறியர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் கேட்டிராவிட்டால் கலந்தே போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதே வழியில் நமக்கு நல்லதும் நடந்திருக்கிறது. அரைக்கால், மாகாணி, முந்திரி போன்ற பின்ன அளவுகளுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்கும் 2019-இல் யூனிகோடு 12.0-வில் 51 இடங்கள் கிடைத்தன. நில ஆவணங்களைப் படித்துப் பதிப்பிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

அச்சகங்கள் ஏன் இன்னும் பழைய எழுத்துருவில் இருக்கின்றன? சோம்பலா?

சோம்பல் என்று சொல்வது அநியாயம். டிடிபி கடைகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வளர்ந்தவை. 2001-இல் வந்த அதன் கடைசிப் பதிப்பு யூனிகோடே அறியாதது. அதற்கு அடுத்து வந்த இன்டிசைனும் 2012-இல் வந்த சிஎஸ்6 வரை இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. விண்டோஸ் 2000-இலேயே தமிழ் யூனிகோடு வந்துவிட்டது, லதா எழுத்துருவோடு. அப்படியும் அச்சுத் தொழிலுக்குப் பத்து வருடத்துக்குமேல் கதவு மூடியே இருந்தது. அதற்குள் கடைக்காரரின் கை ஒரு விசைப்பலகைக்குப் பழகிவிட்டது, நூற்றுக்கணக்கான திருமணப் பத்திரிகை மாதிரிகள் அதே எழுத்துருவில் சேர்ந்துவிட்டன. கூலி பக்கக் கணக்கில் வருகிறது. புதிதாகப் பழகும் இரண்டு மாதத்துக்கு அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அரசு அலுவலகங்களும் பதிப்பகங்களும் "யூனிகோடு கோப்பும் சேர்த்துத் தரவேண்டும், அதற்கு இவ்வளவு கூடுதல்" என்று கேட்க ஆரம்பித்தால் கடைகள் தானாக மாறும்.

எந்த விசைப்பலகை நல்லது?

தமிழ்99. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடது கையில் உயிர், வலது கையில் மெய். க, அப்புறம் ஒ அடித்தால் கொ வரும், இலக்கணம் சொல்வது போலவே. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். "அம்மா" என்பதற்கு நான்கு தட்டு, "வணக்கம்" என்பதற்கு ஆறு. ஆங்கில ஒலிப்பு முறையில் வணக்கத்துக்கு எட்டுத் தட்டு, நடுவில் ஷிஃப்ட் வேறு.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. ஒலிப்பு முறையில் அடிக்கும்போது ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக்கி, அப்புறம் தமிழாக்குகிறோம். ஆங்கிலம் தெரியாத ஒரு தாத்தாவுக்கு அந்தக் கதவு திறக்காது. அதே நேரம், இ-கலப்பை, அழகி, என்ஹெச்எம் ரைட்டர் ஆகிய தட்டச்சு மென்பொருள்கள் ஒலிப்பு முறையில் வந்ததால்தான் ஆயிரக்கணக்கானோர் தமிழில் எழுதவே தொடங்கினார்கள், நானும்தான். இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை தரமாக இருக்கிறது, அங்கே பழகியவர்கள் அதிலேயே வேகமாக அடிப்பார்கள். எதில் அடித்தாலும் கோப்பில் விழுவது யூனிகோடு என்றால் எனக்குச் சம்மதம்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் என்ன தப்பு?

நண்பனுக்கு "சாப்டாச்சா" என்று கேட்க எந்த எழுத்தும் சரி. பத்து வருடம் கழித்துத் தேடிப் படிக்கவேண்டியதை அப்படி எழுதாதீர்கள். ல, ள, ழ மூன்றும் அங்கே கலந்துவிடும், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவில் தமிழ் பின்தங்க யூனிகோடுதான் காரணமாமே?

இந்த மாதிரிகள் சொல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஒரே செய்தி ஆங்கிலத்தில் எடுக்கும் துண்டுகளைவிடத் தமிழில் கூடுதலாக எடுக்கும், அதனால் செலவும் கூடும். அது நிஜம். ஆனால் சீன எழுத்துக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்தான். சீனத்தில் குவிந்து கிடக்கும் உரையைப் பார்த்து அதற்கேற்ற துண்டுகளை உண்டாக்குகிறார்கள். நம்மிடம் இணையத்தில் உரை குறைவு, இருப்பதிலும் ஒரு பங்கு பழைய எழுத்துருவிலும் படமாக வருடிய பிடிஎஃப்களிலும் பூட்டிக் கிடக்கிறது. குறியாக்கத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பூட்டுகளைத் திறக்கவேண்டும்.

யூனிகோடில் எழுதினாலே தேடல் சரியாக வருமா?

வராத இடங்கள் உண்டு. "ஸ்ரீ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், எண்கள் வேறு. ஔ என்பதற்குப் பதிலாக ஒ, ள என்று அடுத்தடுத்து அடிப்பவர்கள் ஏராளம். "கௌ" எழுதும்போது ஒற்றைக் கொம்பும் ள-வும் போடுகிறார்கள். தொகுப்புப் பணி செய்பவர்கள் முதலில் இந்த மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

பழைய கோப்புகளை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பாமினி, டிஸ்கி, டாப், வானவில் போன்ற பெயர் தெரிந்த குறியாக்கங்களுக்கு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றுவதற்கு முன்னால் மூலக் கோப்பைப் படி எடுத்து, எந்த எழுத்துரு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பில் ஆங்கிலப் பகுதி தமிழாகச் சிதைந்துவிடும், அதைக் கையால்தான் திருத்தவேண்டும்.

பெயர் தெரியாத எழுத்துரு என்றால் கஷ்டம். என் பெரியப்பா எங்கள் ஊர் வரலாற்றை முந்நூறு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அச்சடித்த பிரதி ஒன்று, குறுவட்டு ஒன்று, அவ்வளவுதான் மிச்சம். அந்த எழுத்துரு, கணினியின் பின்னால் செருகும் பூட்டோடு விற்ற மென்பொருளில் வந்தது. பூட்டும் இல்லை, விற்ற கடையும் இல்லை. நானும் தங்கையும் அச்சுப் பக்கத்தை ஒரு பக்கம் வைத்து, திரையில் தெரிந்த குறிகளை மறுபக்கம் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனோம். இரண்டு வாரம் ஆனது. கால் போட்ட எழுத்துகளுக்கும் ர-வுக்கும் ஒரே குறி இருந்ததால் அந்த இடங்களை மட்டும் வரி வரியாகப் படித்தோம். பட்டியல் முடிந்ததும் மாற்றும் நிரல் நாற்பது வரிதான்.

பெரியம்மாவுக்கு இப்போது கண் மங்கல், அச்சுப் புத்தகத்தைப் படிக்கமுடியாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கிறார். தேர்த்திருவிழா பற்றிய பகுதி எங்கே என்று கேட்டார். "தேர்" என்று தேடிக் காட்டினேன்.